சிவப்பு நூலில் விழுந்த பனி

எதிரணியின் வாதத்தை எழுந்த வேகத்தில் உடைத்துப் பழகிய எனக்கு, இரண்டு ஊசிகளையும் இரண்டு நிற நூல்களையும் ஒருசேரப் பிடிக்க வரவில்லை என்பது பெரிய அவமானமாக இருந்தது. ஆனால் பின்னியே ஆகவேண்டிய நிலை. கம்யூனிஸ்டுகள் காட்டுக்குள் இருந்து ஆங்கில அரசோடு போரிட்ட மலாயா அவசரகாலத்தில், கலும்பாங்கை அடுத்த எங்கள் ரப்பர் தோட்டத்தின் தொழிலாளர் லயங்களைச் சுற்றி முள்வேலி எழுந்துவிட்டது. தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரையின் அனுமதிச் சீட்டு இல்லாமல் வெளியூர் செல்ல முடியாது. கோல சிலாங்கூரில் நடக்கவிருந்த சொற்போரில் நானும், தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியின் மகளான என் தோழியும் ஓர் அணி. தலைப்பு, பெண்ணுக்கு வேண்டியது கல்வியா, கைத்தொழிலா என்பது. கல்வியே என்று நிறுவ நான் துடித்துக்கொண்டிருந்தேன்.

துரையின் மனைவியோ, மருத்துவமனையின் காசநோயாளிகளுக்கு ஒரு கம்பளிப் போர்வை செய்துகொண்டிருந்தார். ஆளுக்கொரு சதுரம் பின்னித் தரவேண்டும்; எல்லாவற்றையும் இணைத்தால் போர்வை.

"சதுரத்த முடிச்சுக் குடுத்துரு. துரையம்மாவே உனக்குச் சீட்டு வாங்கிக் குடுத்துருவாங்க" என்றாள் என் தோழி.

அவள் ஆங்கிலப் பள்ளியில் படித்தவள். பங்களாவுக்குப் போய்ப் பின்னல் கற்று வந்து, மாலைகளில் எனக்குக் காட்டினாள். ஒரே வரிசையில் இரு நிறங்கள் மாறி மாறி வரும் வேலை அது. ஒரு நிறம் முன்பக்கத்தில் கண்ணியாக விழும்போது, மற்றது பின்பக்கத்தில் தளர்வாகக் கூடவே ஓடிவர வேண்டும். நான் அந்த நூலை இழுத்துப் பிடித்தேன். பின்னல் சுருங்கிக் கூம்பியது.

"என்னாடி இது, சதுரம் கேட்டா குல்லா பின்றே?" என்று சிரித்தாள். "பின்னாடி நூல லூசா விடு லா. மேடையில எதிரிய நெரிக்கிற மாதிரி இதையும் நெரிக்கிறியே!"

பிரித்தேன். நிறம் மாற்றும் முன் ஊசியில் ஏறிய கண்ணிகளை விரலால் பரப்பிவிட வேண்டும் என்பதும், வெள்ளையை மேலும் சிவப்பைக் கீழும் வைத்தால் நூல்கள் முறுக்கிக்கொள்ளா என்பதும் மெல்ல மெல்லக் கைக்கு வந்தன.

சதுரத்தின் நடுவே வரவேண்டிய படத்தைத் தேர்ந்தவளும் அவளே. துரையம்மாவின் நாட்டில் பனி இப்படிப் பூவாக விழுமாம். நீல நூலைத் தனக்கு எடுத்துக்கொண்டு, மிஞ்சிய சிவப்பை என்னிடம் நீட்டினாள். நூல் போதாது என்று கண்டு, எட்டு இதழ்களை ஐந்தாகக் குறைத்துக் கட்டத்தாளில் வரைந்தும் தந்தாள்.

"சிவப்புப் பனி உண்டாடி?" என்றேன்.

"பனிய நீ கண்டியா, நான் கண்டேனா? போடு, அழகா இருக்கும்."

முடித்த சதுரத்தைப் பங்களாவுக்கு எடுத்துச் சென்ற காலையில், வேலி வாசலில் காவலர் என் பையைத் திறந்தார். காட்டுக்குள் போகும் அரிசியைத் தேடுவது அவர் வேலை. அகப்பட்டது சதுரம். காட்டில் இருப்பவர்களின் தொப்பியில் என்ன சின்னம் இருக்கும் என்பதை எங்கள் தோட்டத்துக் குழந்தையும் அறியும். பனியை அறிந்தவர் ஒருவரும் இல்லை.

"செவப்பு நட்சத்திரம்! யாருக்கும்மா இது?" என்றார்.

ஆபீசில் துரை நாற்காலியில் இருந்தார்; மொழிபெயர்க்கக் கிராணி பக்கத்தில் நின்றார். படம் தோழி வரைந்தது என்று நான் சொன்னதைக் கேட்டு, கிராணி தன் மகளை அழைத்தார்.

"இந்தப் படம் யாரு போட்டது?"

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. "நான் நூல்தாம்பா குடுத்தேன். பின்னுனது அவ."

அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. கேட்டதை விட்டுவிட்டுக் கேட்காததற்கு உண்மை சொல்வது மேடை உத்தி. அதை அவளுக்குப் பழக்கியவளே நான்.

நான் பேசினேன். படம் வந்த வழியை, நிறம் வந்த காரணத்தை வரிசையாக எடுத்து வைத்து, துரையம்மாவை அழைத்துக் கேட்கும்படி வேண்டி முடித்தேன். என் வாழ்நாளில் அதைவிடச் செம்மையாக நான் பேசியதில்லை. கிராணி அத்தனையையும் ஆங்கிலத்தில் ஒரே வரியில் சொன்னார். துரையம்மாவை அவர்கள் குறிக்கும் 'மேடம்' என்ற சொல் அதில் காதில் விழவில்லை. எனக்குப் புரிந்தது 'ஸ்பீச்' என்ற ஒன்றுதான். துரை என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, எனக்கென எழுதி வைத்திருந்த சீட்டை மேசை இழுப்பறைக்குள் தள்ளினார்.

"இவ்ளோ பேசுனா யாரு சொல்லிக் குடுத்தான்னுதாம்மா கேப்பாங்க" என்றார் கிராணி, தணிந்த குரலில். "ஒங்கப்பா வேலையில நிக்கணும்ல? வீட்டுக்குப் போ."

சொற்போர் நாளன்று தோட்டத்து லோரி வாசலில் நின்றது. முன்னிருக்கையில் அவள், தந்தை துணைக்குப் போகிறார். என்னைக் கண்டதும் இறங்கி வேலியருகே வந்தாள். மன்னிப்புக் கேட்பாள் என்று எண்ணினேன்.

"கோவமாடி? அப்பா மொகத்தப் பாத்தியா நீ? நான் என்ன செய்ய?" என்றவள், அதே மூச்சில், "அந்த ரெண்டாவது பாயிண்ட் எப்படி ஆரம்பிக்கும்? மறந்துபோச்சு" என்றாள்.

சொன்னேன். நான் கட்டிய வாதம் எவர் வாயிலும் குளறிப் போவதை என்னால் தாங்க முடியாது. முதலிலிருந்து கடைசிவரை, முள்கம்பிக்கு இப்பால் நின்று, நிறுத்த வேண்டிய இடங்களில் நிறுத்திச் சொன்னேன். அவள் உதடசைத்து மனனம் செய்தபடி லோரியில் ஏறினாள்.

எதிரணி எழுந்து எந்தக் கேள்வியைக் கேட்கும், அதற்கு என்ன விடை என்பதை மட்டும் நான் சொல்லவில்லை. கேட்க அவளுக்கும் தோன்றவில்லை.