பிரித்துத் தைத்த பைகள்

எல்லோரும் அவரை ஓவர்லாக் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். ஏற்றுமதி ஆடை ஆலையில், துணியின் ஓரம் பிசிறாமல் பின்னுகிற ஓவர்லாக் மெஷினில் பதினாறு வருஷம் உட்கார்ந்தவர். அதற்குப் பிறகு ஆறு வருஷம் செக்கிங் மேசை. எதிரே வருகிறவரின் சட்டையில் தையல் கோணினால், ஆள் கிட்டே வருவதற்குள் கண்டுபிடித்துவிடுவார். ஆலையில் ஆட்களைக் குறைத்தபோது அவரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். கணவர் லாரி ஓட்டுகிறவர். வாரத்துக்கு ஒரு நாள் வீட்டில் இருந்தால் அதிசயம். சும்மா உட்கார்ந்திருப்பது அக்காவுக்குக் கைவராத ஒரே வேலை. அதனால் எங்கள் தையல் குழுவுக்கு வந்தார்.

எங்கள் குடியிருப்பில் இருக்கிற சின்ன மருத்துவமனையில், பக்கவாதம் வந்தவர்கள் கைகால் பழக ஒரு அறை கட்ட வேண்டும் என்று நெடுநாள் பேச்சு. திரைச்சீலைக் கடைக்காரர் ஒருவர் வெட்டி மிஞ்சிய துண்டுத் துணிகளை மூட்டை மூட்டையாக இலவசமாகக் கொடுத்தார். அந்த அறைக்குப் பணம் சேர்க்க, அவற்றைப் பையாகவும் தலையணை உறையாகவும் தைத்து விற்றோம். நான் துவைத்து இஸ்திரி போடுகிறவள். மெஷினுக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம்.

"ஐயோ பாவம்னு யாரும் வாங்கக் கூடாது. கையில எடுத்தா கீழ வைக்க மனசு வரக் கூடாது" என்பார் அக்கா. அவர் கைபட்ட பிறகு எங்கள் பைகளுக்குக் கடைச்சரக்கின் மிடுக்கு வந்ததென்னவோ நிஜம்.

ஒரு நாள் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் வந்து நின்றார். அவர் மனைவி முப்பது வருஷம் தையல் தொழில் செய்தவர். போன வருஷம் பக்கவாதத்தில் வலப்பக்கம் முழுதும் விழுந்துவிட்டது.

"எனக்கும் துணி குடுங்கம்மா. வீட்ல மெஷின் சும்மா தூங்குது" என்றார்.

"இது ஸ்டாம்ப் ஒட்டுற வேலை இல்லண்ணே" என்று யாரோ வம்பிழுத்தார்கள்.

"ஒட்டிப் பழகின கைதானம்மா, தைக்கவும் பழகிக்கும்" என்று சிரித்தார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஆறு பைகள் கொண்டுவந்தார். தையல் பாம்பு போன தடம் மாதிரி நெளிந்திருக்கும். ஓரிடத்தில் நெருக்கம், ஓரிடத்தில் விரல் நுழைகிற இடைவெளி. அக்கா அவர் முகத்துக்கு நேரே "நல்லா இருக்குண்ணே" என்பார். அப்புறம் வீட்டுக்குக் கொண்டுபோய், மத்தியானம் உட்கார்ந்து, பிளேடால் நூல் நூலாகப் பிரித்து முழுவதும் புதிதாகத் தைத்துவிடுவார்.

"சொன்னா மனசு நோகும். சொல்லாம சரி பண்ணிட்டா யாருக்கு என்ன போச்சு?" என்று என்னிடம் மட்டும் சொன்னார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. வாயை மூடிக்கொண்டேன்.

விற்பனை நாளில் தபால்காரர் மனைவியைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார். அந்த அம்மா தலை வாரி, பொட்டு வைத்து, கல்யாணத்துக்கு வந்தவர் போல இருந்தார். தங்கள் பை எது என்று தேடி, நீலப்பூத் துண்டில் தைத்த ஒன்றை இடக்கையால் எடுத்தார். உள்பக்கத்தை வெளியே திருப்பினார். கட்டைவிரலால் தையலைத் தடவிக்கொண்டே போனார். வாங்க வந்த கூட்டத்தில் வேறு யாரும் விலைச்சீட்டைத் தாண்டிப் பார்க்கவில்லை.

"இது... நாங்க தைச்சது இல்ல" என்றார், குழறிய குரலில்.

எல்லோரும் திரும்பினோம். குழுவை நடத்தும் டீச்சர் அக்காவைப் பார்த்தார். அந்த ஒரு நிமிஷத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அக்கா சொன்னது வேறு. "எல்லாம் கலந்துபோச்சு போலிருக்கும்மா. பத்து கை பட்ட துணி."

தபால்காரர் சட்டென்று குனிந்து மனைவியிடம் சொன்னார்: "நான்தான் மேல இன்னொரு தையல் ஓட்டித் தரச் சொன்னேன். கனம் தாங்கணும்ல."

அக்காவின் மானத்தைக் காப்பாற்றத்தான் தபால்காரர் பொய் சொன்னார். அது அக்காவுக்குப் புரிந்துவிட்டது. அன்று எல்லாப் பைகளும் விற்றுத் தீர்ந்தன. எங்கள் இருவருக்கும் சந்தோஷப்பட மனசு வரவில்லை.

மறுநாள் காலை அக்கா அவர்கள் வீட்டுக்குப் போனார். ஜன்னலோரம் கையால் சுற்றும் பழைய மெஷின். அதற்கு இரண்டு பக்கமும் எதிரெதிராக இரண்டு நாற்காலிகள். அதைப் பார்த்ததுமே அக்காவுக்கு விளங்கிவிட்டதாம். தபால்காரர் துணியைப் பிடித்தவர் மட்டும்தான். எதிரே உட்கார்ந்து இடக்கையால் சக்கரத்தைச் சுற்றியவர் அந்த அம்மா. கை சோர்ந்தால் சக்கரம் நிற்கும், திடீரென்று ஓடும். அதற்கு ஈடுகொடுக்க அவர் துணியை இழுப்பார். அந்த நெளிவெல்லாம் அப்படி வந்தது.

"நான்தான் பிரிச்சேன்மா. என்னை மன்னிச்சிடுங்க."

"எத்தனை?"

"எல்லாத்தையும்."

அந்த அம்மா ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். "கோணல்னு எனக்குத் தெரியாதா? வாரா வாரம் இவர்கிட்ட கேப்பேன், அந்தம்மா என்ன சொன்னாங்கன்னு. நல்லா இருக்குன்னாங்கன்னு சொல்வார். என்கிட்ட அனுப்பியிருந்தா நானே பிரிச்சிருப்பேனே. என் தையலைத் திருத்தக்கூட லாயக்கில்லாதவளா ஆயிட்டேனா?"

அப்போது தபால்காரர் மெல்ல, "எனக்கு மூணாவது வாரமே தெரியும். குழு அலமாரியில நம்ம பையைப் பார்த்துட்டேன். உன்கிட்ட சொன்னா நீ சக்கரத்தைத் தொட மாட்டியேன்னு..." என்று இழுத்தார்.

மனைவி அவரைப் பார்த்த பார்வையை அக்காவால் இன்னும் மறக்க முடியவில்லை. பிரித்துவிடுவார்கள் என்று தெரிந்தும் தினமும் எதிரே உட்கார்ந்து துணியைப் பிடித்திருக்கிறார் அந்த மனிதர். "அந்த வீட்ல புருஷன் பொண்டாட்டி நடுவுல ஒரு பொய்ய வச்சது நான்" என்றார் அக்கா. காபி கொடுத்தார்கள். குடிக்க முடியாமல் பாதியில் எழுந்து வந்துவிட்டார்.

அடுத்த இரண்டு திங்கட்கிழமையும் தபால்காரர் வரவில்லை. மூன்றாவது திங்களன்று மூன்றே பைகளுடன் வந்து, அக்காவின் மேசையில் வைத்தார்.

"கோணின இடத்துல சாக்பீஸால கோடு போட்டு அனுப்பணுமாம். நீங்க பிரிக்கக் கூடாதாம். பிரிக்கிறது அவ வேலையாம்."

அக்கா கோடு போட்டார். முதல் பையில் மட்டும் ஏழு கோடுகள். ஒன்றைக்கூட விட்டுவிடவில்லை. பைகள் போய், பிரித்துத் தைத்துத் திரும்பி வந்தன. சில கோணல்கள் போயிருந்தன, சில அப்படியே இருந்தன. அப்படியே விற்பனைக்கு வைத்தோம்.

இப்போது மருத்துவமனையில் அறை கட்டி முடிந்துவிட்டது. அந்த அம்மா வாரத்துக்கு இரண்டு நாள், நாங்கள் தைக்கிற கூடத்தைத் தாண்டி அங்கே போகிறார். எங்களைப் பார்த்தால் தலையசைப்பார், அக்காவைப் பார்த்தாலும்தான். ஆனால் அந்தச் சக்கர நாற்காலி எங்கள் வாசலில் திரும்புகிற சத்தம் கேட்டால் அக்கா ஏதாவது வேலை இருப்பது போல உள்ளே போய்விடுகிறார். "அவங்க மன்னிச்சுட்டாங்க, எனக்குத்தான் முகத்தை எங்க வைக்கிறதுன்னு தெரியல" என்கிறார். ஆறுதலாக ஏதாவது சொல்லலாமென்று நினைப்பேன். தெரிந்தும் பேசாமல் இருந்தவள் நான். எந்த வாயால் சொல்வது?