ஏணையில் கிடந்த பெற்றோல் தாங்கி

என் கணவர் போய்ச் சேர்ந்து ஒன்றரை வருடமாக அவருடைய மோட்டார் சைக்கிள் மாட்டுக்கொட்டிலுக்குள் சாக்குப் போர்த்தபடி நின்றது. ஒருநாள் சாக்கை விலக்கி, தாங்கியின் மூடியைத் திறந்து பார்த்தேன். பெற்றோல் ஒரு சொட்டும் இல்லை. உள்ளே வெயில் விழுந்த இடமெல்லாம் கிரவல் போட்ட ஒழுங்கை மாதிரித் துருவேறிச் சிவந்து கிடந்தது.

அதற்குக் காரணம் அந்த மனுசனேதான். பெற்றோல் தட்டுப்பாடு வந்த காலத்தில் நாள்கணக்கில் வரிசையில் நின்று அடித்து வந்ததை, வீட்டுக்கு வந்ததும் குழாய் வைத்து இறக்கிப் போத்தல்களில் நிரப்பி, விறகுக்குள் ஒளித்துவைப்பார். சண்டைக் காலத்தில் ஒரு மூடி பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, மிச்சத் தூரத்தை மண்ணெண்ணெயில் ஓடிப் பழகிய சனம் நாங்கள். போத்தலில் இருந்தால்தான் எங்களுக்கு அது பெற்றோல். தட்டுப்பாடு முடிந்த பிறகும் அவர் பழக்கத்தை விடவில்லை. வெறும் தாங்கி துருப்பிடிக்கும் என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. ஆனாலும் நான் அவரைத்தான் ஏசினேன்.

வண்டியின் பதிவுப் புத்தகம் அவருடைய தமையனின் பெயரில் இருந்தது. அந்த அத்தான் வந்து தாங்கிக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

“இது இனி ஓடாது பிள்ளை. பழைய இரும்புக்குக் குடுத்திடுவம். கண்ணுக்கு முன்னால நிண்டு உன்னை வருத்துது.”

“என்னை வருத்துறது வண்டியில்லை அத்தான். வயலுக்கு ஆரின்ரையோ வண்டியில தொத்திக்கொண்டு போறதுதான் வருத்துது.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “சரி. ஞாயிற்றுக்கிழமை வாறன். ஓடினா நீயே வைச்சிரு. ஓடாட்டி ஏத்திக்கொண்டு போயிடுவன்.”

எங்கள் வீடு உருத்திரபுரத்தின் ஒரு தொங்கலில், வயல் மறு தொங்கலில். இரணைமடுக் குளத்துத் தண்ணீர் வாய்க்காலில் வருகிற நாளில் போய் நின்று மறித்துக் கட்டாவிட்டால் பயிர் காய்ந்துவிடும். எனக்கு மோட்டார் சைக்கிள் ஓடத் தெரியும், கல்யாணத்துக்கு முந்தியே தெரியும். அவர் இருந்தவரைக்கும் ஓடத் தேவைப்படவில்லை.

விசுவமடுவில் வண்டி திருத்துகிறவரிடம் கேட்டேன். “அசிட் விடலாம் அக்கா. ஆனா தகடு மெல்லிசு. ஓட்டை விழுந்தா என்னைக் கேக்கக்கூடாது,” என்றார். அந்தக் கதையே வேண்டாம் என்று வந்துவிட்டேன். குத்துவிளக்கை மினுக்குகிற புளி இதை மினுக்காதா? பழம்புளியைச் சுடுதண்ணீரில் கரைத்து வடித்து, தாங்கியைக் கழற்றி, அடி ஓட்டையை ரியூப் துண்டால் அடைத்து, கழுத்துமுட்ட ஊற்றினேன். இரண்டு நாள் ஊறவிட்டேன்.

மூன்றாம் நாள் பாதித் தண்ணீரை வெளியே ஊற்றிவிட்டு ஒரு கை குறுணிக்கல் போட்டேன். தாங்கியைத் தூக்கிக் குலுக்க என் தோள்மூட்டு விடவில்லை. பழைய சேலை ஒன்றை மாங்கொப்பில் ஏணையாகக் கட்டி, தாங்கியை அதற்குள் கிடத்தி ஆட்டினேன். பக்கத்து வீட்டுக்காரி வேலியால் எட்டிப் பார்த்தாள்.

“என்ன, பிள்ளை நித்திரையோ?”

“எங்கை! சிணுங்கிக்கொண்டு கிடக்குது.”

மத்தியானம் முழுக்க ஆட்டினேன். கல் ஒரு பக்கம் உருண்டு போய், கொஞ்சம் நின்று, திரும்பி வந்தது. அந்தச் சத்தத்தில் கண் சொருகியது. இரணைமடு அணைக்கட்டில் காற்று அடித்தது, தண்ணீர் வெள்ளையாகத் தெரிந்தது, அவர் வண்டியை ஓட்டியபடி ஏதோ சொல்லிக்கொண்டு போனார். காற்று பாதிப் பேச்சைக் கொண்டுபோக, விளங்காததற்கும் பின்சீற்றில் இருந்த நான் “ஓம், ஓம்” என்றேன். விழித்தபோது ஏணை தானாக ஆடிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று தெரியவில்லை. எழும்பவே மனமில்லாமல் இன்னும் கொஞ்சம் ஆட்டினேன்.

ஊற்றியபோது செக்கச் சிவந்த தண்ணீர் வந்தது. மறுபடி புளி, மறுபடி ஏணை. வெள்ளிக்கிழமை பின்னேரம் உள்ளே தகடு சாம்பல் நிறத்தில் தெரிந்தது. அப்பச்சோடாத் தண்ணீரால் அலசி வெயிலில் காயவைத்தேன். திரும்பத் துருப் பிடிக்காமல் இருக்கப் பெற்றோலால் அலசவேண்டும் என்றார்கள். விறகைக் கிளறினேன். அவர் வைத்த போத்தல்கள் மூன்று இருந்தன. ஒன்றைத் திறந்ததும் பின்னேரங்களில் அவர் கையில் இருந்த மணம் வந்தது. இருந்து அழுதேன். பிறகு மூன்றையும் ஊற்றி அலசிக் கொட்டினேன். வேறென்ன செய்ய, பழைய பெற்றோலில் வண்டி ஓடாது.

ஞாயிற்றுக்கிழமை புதுப் பெற்றோல் விட்டு, வண்டியை முற்றத்தில் ஸ்ராண்டில் நிறுத்தியிருந்தேன். அத்தான் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். உதைத்தேன். இருமியது. திரும்ப உதைத்தேன். நாலாம் உதையில் பிடித்தது. கொஞ்சம் புகைந்துவிட்டு, சீராக ஓடத் தொடங்கியது.

“சரி பிள்ளை,” என்றார் அத்தான். “புத்தகத்தை உன்ர பேருக்கு மாத்துவம். ஏறு, ஒரு சுத்துப் போய்வா.”

எனக்கு வந்த சந்தோசப் புளுகத்தில் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு ஏறி இருந்தேன். ஒரு கையால் சீற்றின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, வண்டி புறப்படவில்லை. என்ன சுணக்கம் என்று நிமிர்ந்து பார்த்தேன். முன் சீற்றில் ஒருவரும் இல்லை.

அத்தான் முகத்தை வேலிப் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் பின்சீற்றில் இருந்து இறங்கினேன்.