இடது கையில் ஏறிய சதை

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் போங்கள். போன டிசம்பரில், வடகோடிப் பனி தேசத்துக் கெமி நகரத்து நீச்சல் குளத்தில், எனக்கு நடந்தது இது. கதை கட்ட எனக்கு வராது. வேலைக்காலம் முழுவதையும் வரி அலுவலகத்தில் கழித்தவள் நான்.

நிமோனியாவில் படுத்து எழுந்ததும் உடம்பு பாதியாகிவிட்டது. வீட்டில் ஒண்டிக்கட்டை. இன்னும் சதை குறைந்தால் தனியாக இருக்க விடமாட்டோம், முதியோர் இல்லம்தான் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். என் வீடு, என் சமையலறை, என் ஜன்னல் எல்லாம் ஒரு எந்திரம் சொல்வதைப் பொறுத்தது என்றாகிவிட்டது.

அந்த எந்திரம் குளத்துக் கட்டடத்தில், சுட்ட கல்லில் தண்ணீர் ஊற்றி ஆவியில் வேர்க்க உட்காரும் சௌனா அறைக்குப் பக்கத்துச் சின்ன அறையில் இருந்தது. வெறுங்காலோடு தட்டில் ஏறி, இரண்டு பிடிகளையும் பிடித்து நின்றால் போதும். உடம்புக்குள் துளி மின்சாரத்தை விட்டு, எந்தக் கையில் எவ்வளவு சதை, எங்கே எவ்வளவு கொழுப்பு என்று திரையில் காட்டிவிடும். அதைப் பார்த்துக்கொள்பவன் பயிற்சியாளன் இல்போ. என் வயதுக்காரன், வாய்க்கொழுப்பு ஜாஸ்தி.

"இர்மெலி, சௌனாவுல வெந்துட்டு நேரா வந்து ஏறாத. வேர்த்த உடம்புல கரண்ட் சுலபமா ஓடும். மெஷின் அதைச் சதைன்னு நினைச்சிரும்."

"போடா, எனக்கே பாடமா?"

ஆனால் எங்கள் ஊரில் குளத்துக்கு வருவதே சௌனாவுக்காகத்தான். அந்தப் புதன்கிழமை நானும் அதே தப்பைச் செய்தேன். மணி மூன்று. எங்கள் ஊர்க் குளிர்காலத்தில் வெளியே அதற்குள் கும்மிருட்டு. சௌனாவில் கடைசியாக இருந்தது நான்தான். கதவைச் சாத்திவிட்டு வந்து தட்டில் ஏறினேன்.

பீப்... பீப்...

திரையில் எழுத்து வந்தது. 'அளக்கும்போது இன்னொருவரைத் தொடாதீர்கள்.'

நான் தனியாகத்தான் நின்றேன். வியர்வைதான் காரணம் என்று கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி பிடித்தேன்.

ஆளில்லாத சௌனாவுக்குள் யாரோ கல்லின் மேல் தண்ணீர் ஊற்றினார்கள். ஷ்ஷ்ஷ்...

என் இடது கை மேல் ஒரு உள்ளங்கை படிந்தது.

சூடாக... லேசான ஈரத்தோடு...

குனிந்து பார்த்தேன். என் கை மட்டும்தான் இருந்தது.

ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸ் கையுறையோடு பிடித்ததைத் தவிர, வருடக்கணக்காக என் கையை யாரும் பிடித்ததில்லை. பயமாகவும் இருந்தது. அழுகையும் வந்தது. அளந்து முடியும் வரை அசையாமல் நின்றேன். திரையில் இடது கைச் சதை ஏறியிருந்தது.

அதன் பிறகு ஒரு புதன்கூட விடவில்லை. வாரா வாரம் திரையில் சதை ஏறியது. அந்தக் கணக்கைப் பார்த்து, வீட்டிலேயே இருக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பாவாடை இடுப்பில் நிற்கவில்லை, மோதிரம் கழன்று விழுந்தது. அதையெல்லாம் நான் கண்டுகொள்ளவில்லை.

பிப்ரவரியில் சமையலறையிலேயே மயங்கி விழுந்தேன்.

ஆஸ்பத்திரி எந்திரத்தில் அளந்தார்கள். ஆறு கிலோ சதை போயிருந்தது. வீடு போயிற்று. இப்போது முதியோர் இல்லத்தில் இருக்கிறேன். இங்கே ஆளாளுக்கு என் கையைப் பிடிக்கிறார்கள். எந்தக் கையும் அந்தக் கை ஆகவில்லை.

போன வாரம் இல்போ பார்க்க வந்தான். அவனிடம் மட்டும் சொன்னேன். சிரிப்பான் என்று நினைத்தேன். அவன் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தான்.

"எந்தக் கை?"

"இடது."

"ஆத்தோசும் இடதுன்னுதான் சொன்னான்."

"யாரு அது?"

"உனக்கு முன்னாடி புதன்கிழமை வந்துட்டிருந்தவன். மரம் வெட்டுறவன், தனிக்கட்டை. வாரா வாரம் சதை ஏறுச்சு. 'அந்தக் கையை விடச் சொல்ல மனசு வரலைடா'ன்னான். நான் கேலி பண்ணினேன்."

"அப்புறம்?"

அவன் என் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"ஆறடி ஆளு, இர்மெலி. வீட்டுல செத்துக் கிடந்தவனைத் தூக்க நாலு பேர் போனோம்... நான் ஒருத்தனே தூக்கிட்டேன்."