இருபத்தைந்து கட்டம்

நான் எட்டாவதோடு நின்றவள். படிக்கும்போது உதடு அசையும். அதை யாரும் குறையாகச் சொன்னதில்லை, சிதம்பரத்துக்குப் போகும்வரை.

கடலூர் சிப்காட்டில் ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை. பாட்டிலில் பவுடர் நிரப்பும் பகுதியில் இருந்தேன். பவுடர் பறக்கும். துணி கட்டினாலும் இருமல். ஆஸ்பத்திரியில் இடத்தை மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள், இல்லாவிட்டால் வேலையை விடு என்றார்கள். மாறுவதற்கு இருந்தது செக்கிங் மட்டும்தான். பெல்ட்டில் பாட்டில் ஓடும். லேபிள் கோணலா, தேதி அழிந்திருக்கிறதா என்று பார்த்து எடுக்க வேண்டும். முழுக்கக் கண் வேலை.

அதற்கு ஒரு பரீட்சை உண்டு. தாளில் இருபத்தைந்து கட்டம். எண்கள் தாறுமாறாகக் கிடக்கும். ஒன்றிலிருந்து வரிசையாகத் தேடித் தொட வேண்டும். குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டும். தவறினால் மறுபடி எப்போது வைப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. அதுவரை பவுடர்தான்.

என்னோடு நிரப்புகிறவள் ஒருத்தி, வயதில் இளையவள், சிதம்பரத்தில் இதற்கென்று வகுப்பு நடக்கிறது என்றாள். ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேரும் பஸ் ஏறினோம். தெற்கு வீதியில் செல்போன் கடைக்கு மேலே மாடி. வந்ததெல்லாம் வேலைப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள். நாங்கள் கடைசி பெஞ்சு.

சொல்லிக்கொடுத்தது ஒரு சின்னப் பெண். உதட்டில் விரலை வைத்துக்கொண்டு படிக்கச் சொன்னாள். அசைந்தால் விரலுக்குத் தெரிந்துவிடும். தட்டில் சாவி, சீப்பு, பேனா என்று பரப்பிக் காட்டுவாள். துணியால் மூடி ஒன்றை எடுத்துவிட்டு, எது போச்சு என்பாள். அப்புறம் கட்டம். நடுக்கட்டத்தில் கண்ணை நட்டுவிட்டு ஓரத்து எண்களைப் பிடிக்க வேண்டும். வாயைத் திறக்கவே கூடாது. வாய் மெதுவாகப் போகும், அதற்காகக் கண் காத்திருக்கக் கூடாது என்றாள். விரலால் தொட்டுக்கொண்டே போனோம், ஊமை மாதிரி.

வீட்டிலும் பழகினேன். என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் ஐஸ் வண்டி ஓட்டுகிறவர். சாப்பிட உட்கார்ந்தவரின் மூக்கில் கண்ணை நிறுத்தி, சுவரில் இருக்கிற காலண்டரைப் பிடித்துப் பார்த்தேன்.

"என்னா, கண்ணு இமைக்காம பாக்கற? கல்யாணத்தன்னிக்குக்கூட இப்படிப் பாக்கல நீ."

"ஒங்களப் பாக்கல மாமா. பின்னாடி காலண்டரப் பாக்கறேன்."

"அதான பாத்தேன்" என்று குழம்பை இழுத்துக்கொண்டார்.

கொஞ்ச நாளில் கண் என் பேச்சைக் கேட்கவில்லை. பஸ்ஸில் கடைப் பலகை, வண்டி நம்பர், சுவர் விளம்பரம், எதையும் விடவில்லை. புதுச்சத்திரம் பலகையைப் படித்து முடிக்குமுன் ஆலப்பாக்கத்தைத் தேடியது. அடுப்படியில் நின்றால் டப்பா டப்பாவாக ஓடியது. உட்கார்ந்தால் எழுந்துவிடத் தோன்றியது. படுத்தால் மூடின கண்ணுக்குள் கட்டம்.

பரீட்சை கேன்டீனில் நடந்தது. ஆபீசர் செல்போனில் நேரம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதல் ஆளாக என்னைக் கூப்பிட்டு, தொட்டு வாயால் சொல்லவும் வேண்டும் என்றார். அது எனக்குத் தெரியாது. இத்தனை வாரமும் வாயைக் கட்டித்தான் பழகியிருந்தேன். சரி என்றேன்.

ஒன்று மேல் வரிசையில் இருந்தது. தொட்டேன்.

"லாபம்" என்றேன். "ரெண்டு. மூணு."

அவர் நேரத்தை நிறுத்தினார்.

என் தாய்வீடு பண்ருட்டிப் பக்கம். கல்யாணத்துக்கு முன்னால் முந்திரிக்கொட்டை அளந்தவள் நான். எங்களில் அளக்கும்போது முதல் படியை ஒன்று என்று சொல்ல மாட்டோம். லாபம் என்போம். அப்புறம்தான் இரண்டு. வாய்விட்டு எண்ண ஆரம்பித்தால் எனக்கு அதுதான் வரும். வருகிறது என்றுகூடத் தெரியாது.

எண்ணைத்தான் சொல்ல வேண்டும் என்று ஆபீசர் சொன்னார். கோபப்படவில்லை. இன்னொரு தாள் தருகிறேன், கடைசியில் வா என்றார். அதற்குமேல் கிடையாது என்றும் சொன்னார்.

வரிசையின் கடைசியில் போய் நின்றேன். கண் சுவரில் ஒட்டியிருந்த சாப்பாட்டு விலைகளில் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்று, ஒன்று என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். நாக்கு மடங்கியது. காரியத்தை ஆரம்பிக்கும்போது அந்தச் சொல்லைச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. சொன்னால் விளங்காது என்றே வளர்ந்தவள்.

இளையவள் பரீட்சை முடித்து வந்தாள். தேறிவிட்டாள் என்று முகத்தில் தெரிந்தது. என் பக்கத்தில் குனிந்தாள்.

"ஒண்ணுன்னே சொல்லித் தொலக்கா. நஷ்டம் வந்தா கம்பெனிக்குத்தான வரப்போவுது."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு இருமலும். தண்ணீர் குடித்துவிட்டுப் போய் உட்கார்ந்தேன்.

இந்தத் தாளில் ஒன்று கீழ் மூலையில் இருந்தது. உட்கார்ந்ததுமே கண்டுவிட்டேன். வாய்தான் நின்றது. நேரம் போய்க்கொண்டிருந்தது. "ஒண்ணு" என்றேன். அதற்குப் பிறகு விரலும் கண்ணும் வாயும் சேர்ந்து ஓடின. இருபத்தைந்தைத் தொட்டபோது ஆபீசர் செல்போனைப் பார்த்தார். நேரம் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது என்றார். திங்கட்கிழமையிலிருந்து செக்கிங்குக்கு வரச் சொன்னார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து உலைக்கு அரிசி அளந்தேன். முதல் ஆழாக்கைக் கொட்டும்போது "லாபம்" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. வீட்டுக்காரர் வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார்.

இப்போது இருமல் குறைந்திருக்கிறது. கண் மட்டும் நிற்கவில்லை. ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸில் உட்கார்ந்தாலும் பாட்டில் ஓடுகிற மாதிரியே எல்லாம் ஓடுகிறது. கோணலாக எது நின்றாலும் எடுக்கக் கை நீளுகிறது.