நஸ்ருன்னிசா வளர்த்த பெருவிடை

மீர்சாகிப்பேட்டையில் தையல் மிஷின் வைத்திருந்த நஸ்ருன்னிசாவுக்கு மயிலாப்பூர் மாமிகளின் ரவிக்கை அளவெல்லாம் மனப்பாடம். மிஷினை விட்டு எழுந்தால் மொட்டை மாடிதான். அங்கே அவர் பெருவிடை என்னும் நாட்டுக்கோழி வளர்த்தார். ஆம்பூரிலிருந்து ரயிலில் கூடையோடு கொண்டுவந்த சாதி. நெட்டைக் கால், தடித்த கழுத்து, லஞ்சம் வாங்கப் புறப்பட்ட ஏட்டு மாதிரி நடை.

தொண்ணூறுகளின் நடுவில் ஊரே பிராய்லருக்கு மாறிக்கொண்டிருந்தது. அவருடைய தம்பி ஹபீபுர் ரஹ்மானே மார்க்கெட்டில் பிராய்லர் கடை வைத்திருந்தார். மாடிக்கு வந்தாலே கிண்டல்.

“இன்னா ஆபா, வருஷம் பூரா தீனி போட்டுக்கினு கீறே. முட்டைகூட அதுக்கு மனசு வந்தாதான் வுடுது.”

“உன்னுது மட்டும் கோழியாடா? றெக்கை வச்ச தலகாணி!”

அந்த மே மாதம் ஹபீபின் மகள் ரூஹிக்கு நிச்சயம். முதல் நாள் கரண்ட் போனது. கடையில் ஃபேன் நின்றதும் பிராய்லர்கள் கூண்டுக்குள்ளேயே சுருண்டு செத்தன. மாடியிலோ கிழட்டுச் சேவல் உச்சி வெயிலில் தண்ணீர்த் தொட்டியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தது.

விருந்துக்குக் கோழி கேட்டு ஹபீபு தலையைச் சொறிந்துகொண்டு படியேறினார். நஸ்ருன்னிசா ஆசை தீரச் சிரித்துவிட்டு அந்தச் சேவலைக் கொடுத்தார். காலையில்தான் அது அவர் கெண்டைக்காலைக் கொத்தியிருந்தது. மனசு அவ்வளவாக வலிக்கவில்லை.

“காலையிலேயே அடுப்புல ஏத்துடா. இது லேசுல வேகாது.”

ஹபீபு கேட்கவில்லை. பிராய்லர் கணக்கில் விருந்துக்குச் சற்று முன்புதான் ஏற்றினார்.

மாப்பிள்ளையின் அப்பா ஆசையாகக் காலைக் கடித்து இழுத்தார். கறி வரவில்லை, பல்செட்டு வந்தது. எலும்பைக் கவ்வியபடி தட்டில் நின்றது.

கல்யாணம் போச்சு என்று ஹபீபுக்கு வியர்த்தது. நஸ்ருன்னிசாதான் முதலில் வெடித்துச் சிரித்தார். பிறகு ரூஹி, பிறகு மாப்பிள்ளை.

“இது கோழியா, குஸ்தி வஸ்தாதா?” என்றார் பெரியவர், பொக்கை வாயால்.

“சால்னா குடிங்க பாய், அதுக்குப் பல்லு வேணாம்” என்றார் நஸ்ருன்னிசா.

வாங்கிக் குடித்தார். கிண்ணத்தை மறுபடியும் நீட்டினார். சட்டியைக் காலி செய்துவிட்டுத்தான் கல்யாணத் தேதியைப் பேசினார்.

கல்யாணத்துக்குப் பிறகு பெரியவர் ஒரு பெட்டையையும் குஞ்சுகளையும் கேட்டு வாங்கி, ஆட்டோவில் மடிமேல் வைத்துத் திருவல்லிக்கேணிக்குப் போனார். போகிற வழியிலேயே அது அவர் வேட்டியை நாசம் பண்ணியதாம். அதைத் துவைத்த சம்மந்தியம்மா நஸ்ருன்னிசாவோடு பல நாள் பேசவில்லை.