லோயிஸ் அக்கா பார்க்காத காட்சி

1967ஆம் ஆண்டு. சித்தூரைச் சுற்றியுள்ள மாந்தோப்புகளில் பூ உதிர்ந்து பிஞ்சு பிடிக்கத் தொடங்கியிருந்த மாசி மாதம். முனிகிருஷ்ணன் லோயிஸ் அக்காவை முதன்முதலாகப் பார்த்தது அப்போதுதான். விருப்பத்தோடு போய்ப் பார்த்தான் என்று சொல்வதற்கில்லை. வகுப்புத் தோழன் ஞானசிங் அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான்.

இருவரும் கத்தோலிக்கக் குருமார் நடத்திய ஆண்கள் உயர்நிலைப் பள்ளியில் இறுதி வகுப்பு மாணவர்கள். முனிகிருஷ்ணன் நகரியில் தறி நெய்யும் குடும்பத்துப் பிள்ளை. விடுதியில் தங்கிப் படித்தான். அரசுத் தேர்வுக்கு முன்பாக, பள்ளியை விட்டுப் போகும் மாணவர்களுக்குப் பிரியாவிடை விழா நடப்பதும், அதில் அந்த மாணவர்களே ஒரு நாடகம் போடுவதும் அங்கே வழக்கம். பெண் வேடத்தையும் பையன்கள்தாம் போட்டாக வேண்டும். அந்த ஆண்டு நாடகத்தை எழுதியவன் ஞானசிங். போருக்குப் போன மகனைத் தேடி அலையும் ஒரு தாயின் கதை. மேலுதட்டில் ஒரு முடிகூட அரும்பாத காரணத்தால் அந்தத் தாய் வேடம் முனிகிருஷ்ணனின் தலையில் விழுந்தது.

"மீசை மொளைக்காதது என் தப்பாடா?" என்று வழியெல்லாம் அவன் புலம்பினான்.

"உன் தப்பு இல்ல, எங்க அதிர்ஷ்டம். பேசாம வா."

பள்ளியின் பின்மதிலை ஒட்டியிருந்த சிறிய வீட்டின் கதவை ஞானசிங் தட்டினான். பள்ளி அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்த கிருபானந்தத்தின் வீடு அது. ஞானசிங் முன்பே அங்கே வந்து, கதையைச் சொல்லிச் சேலைக்குக் கேட்டு வைத்திருந்தான். கதவைத் திறந்த அவர் மனைவி லோயிஸுக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகியிருக்காது. முனிகிருஷ்ணனை மேலும் கீழும் பார்த்தாள்.

"இவனா அம்மா? மூஞ்சியை இப்படித் தொங்கப் போட்டுகினு இருக்கான்? மகன் இன்னும் சண்டைக்கே போகல, அதுக்குள்ள அழுவுறியா?"

"பொம்பள வேசம் போட்டா ஊரு சிரிக்கும் அக்கா."

"நான் மிஷன் போர்டிங்குல படிச்சப்போ அத்தனை ராஜா வேசமும் நான்தான் போட்டேன். கரியால மீசை வரைஞ்சுகினு அரமணை பூரா நடந்தேன். எந்த ஊரு சிரிச்சுது?"

உள்ளே போய் மாம்பழ நிறத்தில் ஒரு பருத்திச் சேலையைக் கொண்டுவந்தாள். முனிகிருஷ்ணன் அதன் கரையைத் தொட்டதும், "இது எங்க ஊரு தறி அக்கா" என்றான்.

"அப்ப கட்டத் தெரியுமே?"

"நெய்யத்தான் தெரியும். கட்டறது எங்கம்மா வேலை."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் அவனுடைய கூச்சம் பாதி கரைந்துபோயிற்று.

மூன்று மாலைகள் அந்த வீட்டில் ஒத்திகை நடந்தது. கடைசிக் காட்சியில் போர் முடிந்து திரும்பிய சிப்பாய்கள் வரிசையாக நிற்பார்கள். என்.சி.சி. உடுப்பு கைவசம் இருந்ததால் சிப்பாய்களுக்குப் பஞ்சமில்லை. தாய் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே மேடையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு வருவாள். மகன் இருக்கமாட்டான். அப்போது அவள் பேசுவதற்கென்று ஞானசிங் நான்கு பக்கத்துக்கு வசனம் எழுதியிருந்தான். லோயிஸ் அதைக் கேட்டுவிட்டுத் தலையசைத்தாள்.

"கடைசி ஆள் மூஞ்சியையும் பாத்தப்புறம் அவளுக்கு இன்னா பேச்சு வரும்? ஒண்ணும் பேசமாட்டா. அப்படியே நடந்து போயிடுவா."

"அக்கா! மூணு ராத்திரி கண்ணு முழிச்சு எழுதினேன்."

"அப்ப இன்னிக்கு நல்லாத் தூங்கு."

வசனம் போயிற்று; நடை வந்தது. அந்த நடையை அவள்தான் கற்றுக்கொடுத்தாள். முதல் முகத்தை எவ்வளவு ஆசையோடு பார்க்க வேண்டும், நடுவில் எங்கே கால் தயங்க வேண்டும், கடைசி முகத்துக்கு முன்பு ஏன் ஒரு கணம் கண்ணை மூட வேண்டும் என்றெல்லாம் சொன்னாள். ஆனால் அந்தக் கூடம் சிறியது. நாலு அடி வைப்பதற்குள் சுவர் வந்துவிடும்.

"இது நடையே இல்ல. மேடையில பாத்தாத்தான் தெரியும்" என்று சொல்லிக்கொண்டாள். மேடையில் பார்க்கப்போகிறோம் என்ற எண்ணத்தில், ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கட்டும் சேலையைக்கூடத் தேய்த்து வைத்திருந்தாள்.

விழா நாளன்று, அவள் முனிகிருஷ்ணனுக்குக் கொசுவம் வைத்துக்கொண்டிருந்தபோது கிருபானந்தம் வந்தார். அவர் சீர்திருத்தச் சபைக்காரர், புராட்டஸ்டண்ட். கத்தோலிக்கப் பள்ளியில் வேலை கிடைத்ததே பெரிது என்று எண்ணியவர். தலைமையாசிரியராக இருந்த பெரிய ஃபாதர் எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி ஓரமாக நிற்பார்.

"நீ எங்க கெளம்புற?" என்று மனைவியைக் கேட்டார்.

"நாடகத்துக்கு."

"விளக்கு வெச்சப்புறம் பள்ளிக்கூடத்துக்குள்ள பொம்பளைங்க வரக் கூடாதுன்னு சட்டம் இருக்குதே லோயிஸ், உனக்குத் தெரியாதா?"

"உள்ள ஒரு பொம்பள வரப்போறாளே, நான்தான் சேலை கட்டி அனுப்புறேன். அவளுக்கு சட்டம் இல்லியா?"

"வம்பு பேசாத. எனக்கு வேலை முக்கியம்."

அவள் அவன் முந்தானையில் குத்திய ஊசியை மட்டும் சற்று அழுத்திக் குத்தினாள். முனிகிருஷ்ணன் 'ஐயோ' என்றான்.

நாடகம் நடந்தபோது அவள் பின்மதிலுக்கு அருகில் நின்றிருந்தாள். பையன்களின் கைத்தட்டலும் விசிலும் மதிலைத் தாண்டி நன்றாகக் கேட்டன. கடைசிக் காட்சி வந்ததும் எல்லாச் சத்தமும் அடங்கிவிட்டது. தாய் பேசாமல் நடக்கும் காட்சியில் வெளியே நிற்பவளுக்குக் கேட்பதற்கு என்ன இருக்கும்? வசனத்தை எடுக்கச் சொன்னவளே அவள்தான்.

மறுநாள் காலையில், தேர்வுக்கு முந்தைய படிப்பு விடுமுறைக்காகத் தகரப் பெட்டியோடு ஊருக்குப் புறப்பட்ட முனிகிருஷ்ணனை வழியில் நிறுத்தினாள்.

"அந்த எடத்துல சத்தமே இல்லியேடா. ஜனம் தூங்கிப்போச்சா, பாத்துகினு இருந்துச்சா?"

அவன் விழித்தான். மேடையில் அவன் சிப்பாய்களின் முகங்களைத்தான் பார்த்தான்; எதிரே உட்கார்ந்திருந்தவர்களைப் பார்க்கவேயில்லை. அவள் சொல்லிக்கொடுத்ததும் அப்படித்தான்.

"நல்லாத்தான் இருந்துச்சு அக்கா" என்றான். நகரி பஸ் வந்துவிட்டது.

தேர்வில் தேறிய முனிகிருஷ்ணன் சில ஆண்டுகள் தறியிலும், பிறகு கடைகளிலும் உழன்றுவிட்டு, அரசுப் பேருந்தில் கண்டக்டரானான். திருப்பதி டிப்போ, பெரும்பாலும் சித்தூர்-திருப்பதி வண்டி. மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த உறவினர்களைப் பார்க்கவும், பின்னாளில் திருப்பதியில் வாழ்க்கைப்பட்ட மகள் எலிசபெத்தைப் பார்க்கவும் லோயிஸ் அக்கா அந்த வண்டியில் வருவாள். சித்தூரில் ஏறினால் பூதலப்பட்டு தாண்டுவதற்குள் நாடகப் பேச்சு வந்துவிடும்.

நாடகம் நிலைத்துவிட்டிருந்தது. ஒவ்வோர் ஆண்டும் இறுதி வகுப்புப் பையன்கள் அதையே போட்டார்கள். ஒவ்வோர் ஆண்டும் மீசை முளைக்காத ஒருவன் பின்மதில் வீட்டுக்கு இழுத்து வரப்பட்டான். அதே சேலை, அதே நடை. லோயிஸ் அக்காதான் மதிலுக்கு வெளியிலேயே நின்றாள்.

ஒருமுறை கணவருக்குத் தெரியாமல் பெரிய ஃபாதரிடமே போய்க் கேட்டிருக்கிறாள். அவர் மரியாதையாக நாற்காலி போடச் சொல்லி, "நாடகத்துல தப்பு இல்லம்மா. விதிதான்" என்றார். பெற்றோர்கள் வரும் ஆண்டுவிழாவில் அந்தக் கடைசிக் காட்சியை மட்டும் போடச் சொல்வதாக வாக்களித்தார். போடவும் சொன்னார். சிறப்பு விருந்தினர் தாமதமாக வந்து நெடுநேரம் பேசியதால், தீவட்டி உடற்பயிற்சியோடு விழாவை முடித்துவிட்டார்கள். தாய் வேடம் போட்ட பையன் சேலையோடு வாசலில் நின்று முறுக்குத் தின்றுகொண்டிருந்தான்.

இன்னோர் ஆண்டு அவளுடைய சபைப் போதகரின் காதுக்குச் செய்தி எட்டியது. "கத்தோலிக்கர் நாடகத்துக்கு நம்ம சபைப் பெண் சேலை கொடுக்கலாமா?" என்று கேட்டார். "சேலை சபை மாறாதுங்க ஐயா, தொவைச்சா சுத்தமாயிடும்" என்று அவள் சொன்னதில், கிருபானந்தம் ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. தனி ஆந்திரக் கிளர்ச்சி நடந்த ஆண்டில் மாதக்கணக்கில் பள்ளியே திறக்கவில்லை.

பிறகு பெரிய ஃபாதர் மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவர் இளையவர். ஆசிரியர்களும் ஊழியர்களும் குடும்பத்தோடு வரலாம் என்று அறிவித்தார். அந்தச் செய்தியைச் சொன்ன அன்று, பஸ்ஸில் ஏறிய அக்காவின் முகத்தில் இருந்த களையை முனிகிருஷ்ணன் அதற்குமுன் கண்டதில்லை.

அடுத்த மாதம் அவள் மறுபடி ஏறினாள். அவன் டிக்கெட்டைக்கூடக் கிழிக்காமல் கேட்டான்.

"பாத்தீங்களா அக்கா?"

"பாத்தேன்."

"எப்படி இருந்துச்சு?"

"இருட்டா இருந்துச்சு."

அவனுக்குப் புரியவில்லை. அவள் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்.

"மொத வரிசையில ஒக்காந்தேன்டா. சிப்பாய்ங்க வந்து நின்னாங்க. பையன் மொத அடி வெச்சான். கரண்ட் போயிடுச்சு. பசங்க ஓன்னு கத்துறாங்க. இவனாவது நிக்கணுமா, வேணாமா? விளக்கு வந்தப்போ அந்தக் கோடியில போய் நின்னுகினு இருக்கான், களுத."

பக்கத்து இருக்கையில் இருந்த ரெட்டியார் ஒருவர் சிரித்துவிட்டார். முனிகிருஷ்ணனுக்கும் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

"அடுத்த வருசம் பாத்துடலாம் அக்கா."

"அடுத்த வருசம் நாடகமே இல்லியாம். புரொஜெக்டர் வாங்கிட்டாங்க. சினிமா காட்டப்போறாங்களாம்." மறுபடி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சந்திரகிரி நெருங்கியபோது சட்டென்று திரும்பினாள். "நீ நடந்து காட்டேன்டா. மொத அம்மா நீதானே. பஸ் நின்னதும் அந்தப் புளியமரத்துலேந்து இந்தப் புளியமரம் வரைக்கும்."

"அக்கா! மீசை வெச்சுட்டேன். டிரைவரு தெலுங்குக்காரரு, டிப்போ பூரா சொல்லிடுவாரு. இப்பவே அங்க ஒருத்தன் என்னை அம்மகாருன்னு கூப்பிடுறான்."

"மீசை வெச்சவனுக்குப் பிள்ளை காணாமப் போவாதா?"

"அப்புறம் ஒரு நாள் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு, கூட்டமில்லாத பின்பக்கத்துக்குப் போய் விசில் ஊதினான்.

கிருபானந்தம் இறந்ததும் பள்ளி வீட்டைக் காலி செய்துவிட்டு லோயிஸ் அக்கா மகளோடு திருப்பதிக்கே வந்துவிட்டாள். சித்தூர் வண்டியில் ஏற வேண்டிய அவசியமும் இல்லாமல் போயிற்று. 1986ஆம் ஆண்டுக் கார்த்திகை மாதத்தில், அடைமழை ஓய்ந்த ஒரு பிற்பகல், எலிசபெத் பேருந்து நிலையத்துக்கு வந்து அவனைத் தேடிப் பிடித்தாள்.

"அம்மா ஆஸ்பத்திரியில இருக்காங்க மாமா. இருதயம். டாக்டர் நம்பிக்கையா எதுவும் சொல்லல. உங்களைக் கூப்பிட்டுகினு வரச் சொன்னாங்க."

அவன் காக்கிச் சட்டையோடு, தோல் பையைத் தோளில் மாட்டியபடியே போனான். பெண்கள் பிரிவின் வாசலில் ஆயாவாக இருந்த வெங்கடம்மா கையை நீட்டி மறித்தாள்.

"மகாள்ளு லோபலிகி ராகூடது!"

ஆண்கள் உள்ளே வரக் கூடாதாம். எலிசபெத் கெஞ்சினாள். வெங்கடம்மா அசையவில்லை. உள்ளேயிருந்து பழகிய குரல், முன்பைவிட மெலிதாக, கேட்டது.

"வுடுடி எலிசபெத். எனக்குப் பழகின சட்டம்தான். அவன் வெளியிலேயே நிக்கட்டும். என் கட்டிலை ஜன்னல்கிட்ட தள்ளு."

ஜன்னலுக்கு வெளியே நீண்ட தாழ்வாரம், வரிசையாகக் கல்தூண்கள். நோயாளிகளைப் பார்க்க வந்தவர்கள் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். தலையணையில் சாய்த்துவைக்கப்பட்ட லோயிஸ் அக்கா பாதியாக இளைத்திருந்தாள். அவனையும் தாழ்வாரத்தையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"எம்மாம் நீளம் பாத்தியா? நம்ம மேடை அளவு இருக்குது. தூணுங்கதான் சிப்பாய்ங்க."

அவன் சுவரோரம் இருந்தவர்களைத் திரும்பிப் பார்த்தான். "அக்கா, எல்லாரும் பாக்குறாங்க" என்றான்.

"அவங்க பாக்கட்டும். நானும் பாக்குறேனே, ஒரு தபா."

எலிசபெத் ஒரு வெள்ளைப் போர்வையை ஜன்னல் கம்பி வழியாக நீட்டினாள். முனிகிருஷ்ணன் தோல் பையைக் கழற்றித் தரையில் வைத்தான். காக்கிச் சட்டையின் மேல் போர்வையை முந்தானையாகப் போட்டுக்கொண்டு தாழ்வாரத்தின் கோடிக்குப் போனான். யாரோ ஒருவர் சிரித்தார். அவன் முதல் தூணைப் பார்த்தான். அடுத்ததைப் பார்த்தான். கால்கள் தாமாகவே தயங்க வேண்டிய இடத்தில் தயங்கின. சிரித்தவர் நிறுத்திக்கொண்டார். கடைசித் தூணுக்கு முன்பு கண்ணை மூடித் திறந்து, ஜன்னலைத் தாண்டி மறுகோடிக்குப் போய் நின்றான்.

தாழ்வாரத்தில் சத்தமே இல்லை. பார்வை நேரம் முடிந்ததற்கான மணி அடித்தது. எல்லாரையும் விரட்ட எழுந்த வெங்கடம்மாகூட அப்படியே நின்றிருந்தாள். அவன் ஜன்னலுக்குத் திரும்பி வந்தான். அன்று பஸ்ஸில் கேட்ட அதே கேள்வியை மறுபடியும் கேட்டான்.

"எப்படி இருந்துச்சு அக்கா?"

லோயிஸ் அக்கா நெற்றியைச் சுருக்கிக்கொண்டு தாழ்வாரத்தின் தொலைக்கோடியைப் பார்த்தாள். ஒத்திகைக் கூடத்தில் இருந்த அதே பொறுமையின்மை அவள் கண்களில் இருந்தது. அவள் அவனிடம் கடைசியாகக் கேட்டது இதுதான்:

"தூணைப் பாத்துகினு வர. மூஞ்சியைப் பாக்கல. திரும்பப் போடா, மொதல்லேந்து வா."