ஆறு வாரம் என்பது எத்தனை நாள்

தங்கச் சுரங்கத்தின் டைம் ஆபீசில் முப்பத்தொரு வருடம் ஆள் வருகை எழுதியவன் நான். ஒரு வரிக்கு ஆறு கட்டம். ஆறு ஷிப்ட் முடிந்தால் ஒரு வாரம். பேத்தி பிறந்ததிலிருந்து நோட்டில் தினம் ஒரு கோடு போட்டேன். கை தன் பழக்கப்படி ஆறாவது கோட்டோடு வரியை முடித்துக்கொண்டே வந்தது. நான் கவனிக்கவில்லை.

பேதியைத் தடுக்கும் ரோட்டா சொட்டு மருந்தின் முதல் தவணை ஆறு வாரத்தில். ஆறு வரி நிரம்பிய வியாழக்கிழமை மருமகளையும் குழந்தையையும் அவசரப்படுத்தி ஆண்டர்சன்பேட்டை சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனேன். அங்கிருந்த நர்ஸ், தாய்-சேய் விவரம் எழுதும் தாயி கார்டில் பிறந்த தேதியைப் பார்த்துவிட்டு, முப்பத்தாறு நாள்தான் ஆகிறது, அடுத்த வியாழன் வாருங்கள் என்றார். வாதாடிப் பார்த்தேன். பலிக்கவில்லை.

வெளியே வந்ததும் மருமகள் கேட்டாள்: "மைன்ஸ்லதான் மாமா வாரத்துக்கு ஆறு நாளு. பாப்பாவுக்கும் ஞாயித்துக்கிழமை லீவு வுட்டுட்டீங்களா இன்னா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் மூத்த பெண் எட்டு மாதத்தில் பேதியில் போனாள். இரண்டே நாள். எந்தக் கிருமி என்று அன்று யாரும் சொல்லவில்லை. இப்போது எங்கள் சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளில் மூன்றாம் வீட்டுக் குழந்தைக்குப் பேதி. எல்லோருக்கும் ஒரே தண்ணீர்க் குழாய்.

அந்த ஏழு நாளும் நான் ஓரிடத்தில் உட்காரவில்லை. வந்தவர்களையெல்லாம் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொன்னேன். இரண்டு பேர் கோபித்துக்கொண்டு போனார்கள். குழந்தை எத்தனை தடவை துணியை நனைத்தாள் என்று மருமகளைக் கேட்டுக்கொண்டே இருந்ததில், கடைசியில் அவள் பதில் சொல்வதையே நிறுத்திவிட்டாள்.

அடுத்த வியாழன் முதல் ஆளாய்ப் போய் நின்றோம். இது எல்லாப் பேதியையும் நிறுத்திவிடுமா என்று கேட்டேன். எல்லாவற்றையும் இல்லை, ரோட்டா கிருமியால் வரும் கடுமையான பேதியிலிருந்து பெரும்பாலும் காக்கும், மூன்று தவணையும் விடாமல் கொடுக்க வேண்டும் என்றார் நர்ஸ்.

ஐந்து சொட்டு. நான்காவதில் குழந்தை வாயை மூடிக்கொண்டாள். நர்ஸ் அவசரப்படவில்லை. கன்னத்தை லேசாக அழுத்தி ஐந்தாவதை விட்டார். சின்னத் தொண்டை ஏறி இறங்கியது.

"உள்ள போச்சாம்மா?" என்று நர்ஸைக் கேட்டேன்.

"போச்சு தாத்தா. நீங்க மூச்சு வுடுங்க."

பிறகு ஊசிகள், அழுகை. மருமகள் ஆட்டோ பார்க்கப் போகும்போது குழந்தையை என்னிடம் நீட்டினாள். குழாயைத் தொட்ட கை என்று பயந்து அந்த வாரம் முழுதும் நான் அவளைத் தூக்கவே இல்லை. இன்னொரு தடவை கை கழுவிவிட்டு வந்து வாங்கிக்கொண்டேன்.